திரை விருத்தம்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

கைபேசி வந்த பிறகு நாடகம் பார்க்க ஆளே இல்லை என்று சென்ற இதழில் ஒரு வாசகர் வருத்தப்பட்டிருந்தார். நியாயமான வருத்தம்தான். ஆனால் என்னை நாடகத்துக்கு இழுத்துக்கொண்டு போனதே கைபேசிதான்.

நான் சேலம் அம்மாபேட்டைக்காரி. முப்பது வருடம் அலுவலகத்தில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவள். 2020 ஊரடங்கில் வீட்டில் முடங்கிக் கிடந்தபோது, "சும்மாதானே இருக்கீங்க அத்தை" என்று என் மருமகள் ஒரு நாடக வாசிப்புக் குழுவில் சேர்த்துவிட்டாள். சனிக்கிழமை இரவு கூகுள் மீட்டில் எட்டு ஒன்பது பேர் கூடுவோம். ஆளுக்கொரு பாத்திரமாக வாசித்துவிட்டுப் பதினொரு மணி வரை வாதம்.

முதல் இரண்டு மாதம் யாரும் கேமராவைப் போடவில்லை, வெறும் குரல்தான். மேட்டூர்ப் பக்கத்துக் கூத்து வாத்தியார் ஒருவர் ஒரு நாள் வந்து பேசினார். கூத்தில் வேஷக்காரர் எடுத்தவுடன் முகம் காட்டமாட்டாராம். இரண்டு பேர் பிடித்திருக்கும் துணிக்குப் பின்னால் நின்று, தான் இன்ன தேசத்து ராஜா என்று விருத்தம் பாடுவார். வெளியே நிற்கும் கட்டியங்காரன், அதாவது கூத்தின் கோமாளி, அவரை வம்புக்கிழுப்பான். அப்புறம்தான் திரை விலகும். "நீங்க எல்லாரும் ரெண்டு மாசமா திரை விருத்தம் பாடிக்கிட்டிருக்கீங்க, எப்ப வெளிய வரப்போறீங்க?" என்றார். மறுவாரம் ஒவ்வொருவராகக் கேமராவைப் போட்டோம். வாத்தியார் கேமராவில் மட்டும் இன்றுவரை மின்விசிறிதான் தெரிகிறது.

ஒரு முறை வாதம் பழைய நாடக சபைகள் பக்கம் போனது. பம்மல் சம்பந்த முதலியார் 1891இல் சென்னையில் சுகுண விலாச சபையைத் தொடங்கினார். படித்தவர்களும் வக்கீல்களும் ஆசைக்கு நடித்த சபை. சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் சிறுவர்களை வைத்துத் தொடங்கிய சபையோ வயிற்றுப்பாட்டுக்கானது. இதில் எது உசத்தி என்று மூன்று வாரம் சண்டை போட்டோம். முடிவு வரவில்லை.

குழுவில் ஒருவர் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறைக்காரர். ஒரு வசனத்தைப் 'பொடி வைத்துப் பேச வேண்டும்' என்று யாரோ சொன்னதும் சிரித்துவிட்டார். வெள்ளியில் இணைப்பு வரும் இடத்தில் பொடி வைத்து, குழலால் நெருப்பை ஊதினால் அது உருகி ஒட்டிக்கொள்ளும், ஒட்டின இடம் வெளியே தெரியக்கூடாது என்றார். அப்புறம் அந்த வசனத்தைச் சத்தமே உயர்த்தாமல் அவரே சொல்லிக் காட்டினார். அந்த ஒரு வரிக்கு நான் அதுவரை கத்திக்கொண்டிருந்தேன்.

ஊரடங்கு முடிந்ததும் நேரில் கூடினோம். ஒத்திகைக்கு இடம் கேட்டால் மண்டபக்காரர் கல்யாண வாடகை சொன்னார். ஏற்காடு சாலையில் 1935இல் எழுந்த மாடர்ன் தியேட்டர்ஸ் சினிமா ஸ்டுடியோவின் வளைவு இன்னும் நிற்கிறது, போவோர் வருவோர் செல்பி எடுக்கிறார்கள். சினிமாவுக்கு வளைவு வைத்திருக்கும் ஊரில் நாடகத்துக்கு ஒரு அறை கிடைக்கவில்லை! சரி என்று கொலுசுக்காரர் வீட்டு மொட்டை மாடியில் வைத்துக்கொண்டோம். முதல் நாள் அக்கம்பக்கத்தார் குடும்பச் சண்டை என்று நினைத்துத் தடுக்க ஓடி வந்தார்கள். பிறகு தட்டுவடை செட்டோடு உட்கார்ந்து பார்க்கத் தொடங்கினார்கள்.

ஆடிப் பண்டிகையின்போது எங்கள் தெருவிலேயே அரை மணி நேர நாடகம் போட்டோம். நான் மகாராணி. பாதியில் வசனம் மறந்து, கை நடுங்க நின்றேன். கட்டியங்காரனாக நடித்தவன் ஏற்காட்டில் காபித் தோட்டத்தில் வேலை செய்யும் பையன். மழை வந்தால் சிக்னல் போய், வாசிப்பில் பாதி வசனம் அவனுக்கு எப்போதும் கேட்காது. அவன் கூட்டத்தைப் பார்த்து, "மகாராணிக்கும் சிக்னல் போயிருச்சு, கொஞ்சம் பொறுங்க சனங்களே" என்றான். தெருவே சிரித்தது. அதற்குள் எனக்கு வரி ஞாபகம் வந்துவிட்டது. அடுத்த சனிக்கிழமை அந்த ஒரு நிமிடத்தை வைத்து ஒரு மணி நேரம் பேசினோம். அலுவலகத்தில் முப்பது வருடத்தில், தெரியாததைத் தெரியாது என்று நான் வாய்விட்டுச் சொன்னது கிடையாது. இங்கே வாராவாரம் சொல்கிறேன்.

இந்தக் கடிதம் எழுதுவது ஒரு கோரிக்கைக்காக. நாடகப் பிரதி கிடைப்பதுதான் பெரும்பாடு. ஜெராக்ஸுக்கு ஜெராக்ஸ் எடுத்து, எழுத்து மங்கி, பாத்திரத்தின் பெயரையே ஊகித்து வாசிக்கிறோம். மாதம் ஒரு ஓரங்க நாடகம் உங்கள் இதழில் வெளியிட முடியுமா? குறைந்தது மூன்று பெண் பாத்திரமாவது இருக்கட்டும். எங்கள் குழுவில் பெண்கள் ஐந்து பேர். போன தடவை ஒருவர் மீசை ஒட்டிக்கொள்ள வேண்டியதாயிற்று.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
அம்மாபேட்டை, சேலம்.