காலி போர்டு ஓடுற எடத்த எங்க ஊர் கடைக்கு குடுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

டிவி விளம்பரம் பத்தி போன வாரம் நீங்க போட்ட கட்டுரைய படிச்சேன். டிவிக்கு இனிமே விளம்பரமே வராது, காசெல்லாம் போனுக்கு போயிருச்சுங்கற மாதிரி முடிச்சிருந்தீங்க. பாதி சரி. மீதிய விளம்பரம் குடுக்குற ஆளு பக்கத்துலேர்ந்து சொல்லலாம்னுதான் இத டைப் பண்றேன். நமக்கு காரைக்குடியில பலகார யாவாரம். தேன்குழல், மணகோலம், சீப்புச்சீடை, அதிரசம், கல்யாண ஆர்டர் இதெல்லாம், வாங்குறவுக பாதிப்பேரு இப்ப மெட்ராஸ், கோயம்புத்தூர், சிங்கப்பூர்னு இருக்காக, அதனால விளம்பரத்த எங்க குடுக்கறதுங்கறது எங்களுக்கு தினப்படி கவலை.

மொதல்ல இந்த ஃப்ரீ சேனல் விஷயம். எங்க தெரு ஆச்சி ஒருத்தவுக கேட்டாக, "மாசாமாசம் கேபிளுக்கு அழுவுறேன், இதுல என்னப்பா ஃப்ரீ சேனலு"ன்னு. நியாயமான கேள்வி. 2019 பிப்ரவரியில புது கட்டண முறை வந்தப்ப 100 சேனலுக்கு 130 ரூபா, வரி தனின்னு வச்சாங்கல்ல, அது கேபிள்காரர், நெட்வொர்க்குன்னு போற காசு, தந்தி டிவி, புதிய தலைமுறை மாதிரி ஃப்ரீ சேனலுக்கு அதுல ஒத்த பைசா வராது. கட்டண சேனலுக்கு சந்தாவும் வரும் விளம்பரமும் வரும், ஃப்ரீ சேனலுக்கு விளம்பரம்தான் சோறு. அதுவும் போக கேபிள்ல சேனல் ஏறணும்னா இவங்கதான் நெட்வொர்க்குக்கு கேரேஜ்னு ஒரு காசு கட்டணும். பாக்ஸ ஆன் பண்ணதும் நாம கேக்காமயே ஒரு நியூஸ் சேனல் கத்திக்கிட்டு வருதே, அந்த எடத்துக்கு லேண்டிங் பேஜ்னு பேரு, அதுக்கும் காசுதான். டிடி ஃப்ரீ டிஷ் கத வேற, 2004ல ஆரம்பிச்சது, குடைய ஒரு தடவ வாங்கி மாட்டுனா மாசக் காசு கெடையாது, ஆனா அதுல எடம் புடிக்க தனியார் சேனல்லாம் ஏலத்துல கோடிக்கணக்குல எடுக்குறாங்க. அது இந்திப் பக்கம்தான் ஜாஸ்தி.

இவங்க விக்கிற சரக்கு நேரம். மணிக்கு 12 நிமிஷம்னு விதி, அதுல 10 நிமிஷம் வெளி விளம்பரம், 2 நிமிஷம் சொந்த புரோமோ (எவ்ளோ தூரம் கடைப்பிடிக்கிறாங்கன்னு ஒரு நாள் உக்காந்து பாத்தா தெரியும்). 10 செகண்டுதான் அளவு, அப்ப மணிக்கு 60 ஸ்பாட். வித்தா உண்டு, விக்கலைன்னா அந்த மணி போனது போனதுதான், ஊசிப்போன பலகாரத்தையாவது மாட்டுக்கு போடலாம், இது அதுக்கும் ஆகாது. ரேட்ட தீர்மானிக்கறது, எந்த சேனல எவ்ளோ பேரு பாக்குறாங்கன்னு அளக்கற பார்க் (BARC)ங்கற அமைப்பு வியாழக்கிழமை விடுற ரேட்டிங். நாடு பூரா 20 கோடிக்கு மேல டிவி வீடு, மீட்டர் இருக்கறது 50 ஆயிரத்து சொச்சம் வீட்டுல. சேனல் சத்தத்துலயே நம்ம காதுக்கு கேக்காத ஒரு வாட்டர்மார்க்க கலந்து விடுவாங்க, மீட்டர் அத புடிச்சு எந்த சேனல் ஓடுதுன்னு எழுதிக்கும். 2020 அக்டோபர்ல மும்பையில டிஆர்பி மோசடி கேஸ் வந்தப்ப நியூஸ் சேனல் ரேட்டிங்க நிறுத்துனவங்க 2022 மார்ச்லதான் திரும்ப விட்டாங்க, அதுக்காக நியூஸ் சேனல்ல விளம்பரம் நின்னா போச்சு, அது பாட்டுக்கு ஓடிக்கிட்டுதான் இருந்துச்சு.

ப்ரைம் டைம் வித்துரும், மத்த நேரம்தான் பாடு. காலையில ரிமோட்ட தட்டிக்கிட்டே வந்தீங்கன்னா ஒண்ணுல ராசிக்கல்லு, ஒண்ணுல மூட்டுவலி தைலம், இன்னொண்ணுல கோட் போட்ட ஒருத்தரு கருவேலங்காட்ட ட்ரோன்ல சுத்தி காட்டி பஸ் ஸ்டாண்டுலேர்ந்து பத்தே நிமிஷம்பாரு. அதெல்லாம் அரை மணி நேரத்த அப்படியே வித்த ஸ்லாட்டு. கீழ ஓடுற பட்டைக்கு ஆஸ்டன் பேண்டு, படத்த சுருக்கிட்டு ரெண்டு பக்கம் சுத்தி வர்றது எல் பேண்டு, அதுக்கு தனி ரேட்டு.

நாங்களும் தீவாளிக்கு முன்னாடி ஒரு ஃப்ரீ சேனல்ல பேசிப் பாத்தோம், பேரு வேணாம். வந்த ரெப் நல்ல மனுஷன், ப்ரைம் டைம்ல இத்தன ஸ்பாட் எடுத்தா பகல்ல இத்தன போனஸ் ஸ்பாட்டு, ஆர்.ஓ.ன்னு ஒரு ஆர்டர் பேப்பர் போட்டுட்டா போதும், ஓடி முடிஞ்சதும் டெலிகாஸ்ட் சர்ட்டிஃபிகேட் கைக்கு வந்துரும், ஜிஎஸ்டி 18 சதவீதம் தனின்னாரு. எல்லாம் சரி, ஆனா சேட்டிலைட் சிக்னல் ஒண்ணுதானே, கும்மிடிப்பூண்டிலேர்ந்து குமரி வரைக்கும் எல்லாருக்கும் ஒரே விளம்பரம், எங்க கடைப்பக்கமே வராத ஓசூர்க்காரர் பாக்கறதுக்கும் சேத்து நான் கட்டணும். நகைக்கடைக்கு, ஜவுளிக்கடைக்கு, பெயிண்டு கம்பெனிக்கு அது கட்டும், எனக்கு கட்டுபடியாகல. அதுக்காக டிவி விளம்பரத்த மட்டமா சொல்லல, டிவியில வந்த கடைன்னா கல்யாண வீட்டுல பேச்சே வேற, அந்த மரியாதைய எந்த ரீல்ஸும் குடுக்காது.

இப்ப ஸ்ட்ரீமிங்குக்கு வர்றேன், உங்க கட்டுரையில விட்டுப்போனது இதுதான். ஒரே சேனல், ஒரே நிகழ்ச்சி, ஆனா கேபிள்ல ஒரு விளம்பரம், ஆப்புல வேற விளம்பரம். பிரேக் ஆரம்பிக்கிற எடத்துல சிக்னல்ல ஒரு குறி வச்சு அனுப்புவாங்க, சர்வர் அத பாத்துட்டு கேபிள் விளம்பரத்த தூக்கிட்டு அந்தந்த போனுக்குன்னு ஒண்ண சொருகும், பக்கத்து பக்கத்து வீட்டுல வேற வேற விளம்பரம் ஓடலாம். ரேட்டும் 10 செகண்டு கணக்குல கெடையாது, ஆயிரம் தடவ காட்டுனா இவ்ளோன்னு, சிபிஎம்ங்கறாங்க.

என் மச்சினன் சிங்கப்பூர்லேர்ந்து வந்திருந்தப்ப முகப்புல உக்காந்து ஒரு தமிழ் சேனல ஆப்புல லைவா பாத்துக்கிட்டிருந்தாரு. பிரேக் வந்துச்சு. நீலக் கலர் போர்டு, சற்று நேரத்தில்னு எழுத்து, பின்னாடி ஒரு வீணை மியூசிக்கு. அப்பறம் ஒரு சோப்பு விளம்பரம். திரும்ப போர்டு, திரும்ப அதே சோப்பு, திரும்ப போர்டு. நெட்டு சரியில்லன்னு போன ஆட்டிக்கிட்டிருக்காரு மனுஷன். நெட்டெல்லாம் நல்லாத்தான் இருக்கு மாப்ள, அந்த எடத்துக்கு வாங்க ஆள் கெடைக்கலன்னேன்.

அந்த எடத்த எனக்கு வித்தா என்ன? காரைக்குடி, தேவகோட்டை, புதுக்கோட்டை, அப்பறம் சிங்கப்பூர்ல தமிழ் சேனல் பாக்கறவுக, இவுகளுக்கு மட்டும் காட்டுன்னா நான் நாளைக்கே காசு கட்டுவேன். கேட்டா அதுக்கு ஏஜென்சி மூலமா வாங்க, கொறஞ்சபட்சம் இவ்ளோ பில் வரணும்னாங்க, அந்த தொகையில நான் இன்னொரு அடுப்பு போட்டு ரெண்டு ஆள் வச்சிருவேன்.

சேனல்காரங்க என்ன பண்றாங்கன்னா லைவ தூக்கி யூடியூப்ல போட்டுடறாங்க. அங்க நீள வீடியோ விளம்பரக் காசுல 55 சதவீதம் சேனலுக்கு, 45 யூடியூபுக்கு, ஷார்ட்ஸ்னா சேனலுக்கு 45தான். ஆனா அங்க நான் ராத்திரி கடைய சாத்திட்டு, ஊர சுத்தி இத்தன கிலோமீட்டர்னு வட்டம் போட்டு, தெனம் இவ்ளோ ரூபா போதும்னு நானே போட்டுக்கலாம், எந்த சேனல் வீடியோவுல வரணும்னு கூட சொல்லலாம். ஆக தமிழ் சேனல் நிகழ்ச்சியில காரைக்குடி கடை விளம்பரம், நடுவுல கிட்டத்தட்ட பாதிய எடுக்கறது அமெரிக்கா கம்பெனி. சின்ன கடைக்காரன உள்ள விட்டது அவன்தானே, எடுக்கத்தான் செய்வான்.

இங்கிலாந்துல இத முழிச்சுக்கிட்டாங்க. ஐடிவி 1955லேர்ந்து விளம்பரத்துலயே ஓடுற ஃப்ரீ சேனல், 2022 கடைசியில ஐடிவிஎக்ஸ்னு ஸ்ட்ரீமிங்க விளம்பரத்தோட ஃப்ரீயாவே விட்டாங்க, விளம்பரம் வேணாங்கறவங்க காசு கட்டிக்கலாம். ஏஜென்சிங்க தாங்களே புக் பண்ண 'பிளானட் வி'ன்னு சொந்த சிஸ்டமும் வச்சிருக்காங்க. 2025 ஜூன்ல ஐடிவி, சேனல் 4, ஸ்கை மூணு பேரும் சேந்து, சின்ன யாவாரிங்க நேரா வந்து ஸ்ட்ரீமிங் விளம்பரம் வாங்குற மாதிரி ஒரே சந்தை ஆரம்பிக்கப்போறதா அறிவிச்சாங்க. ஜென்மப் போட்டிக்காரங்க மூணு பேரு சேந்திருக்காங்கன்னா யூடியூபுக்கும் ஃபேஸ்புக்குக்கும் எவ்ளோ போயிருக்கும்னு பாத்துக்கங்க. நம்மூர்ல தூர்தர்ஷன நடத்துற பிரசார் பாரதி 2024 நவம்பர்ல வேவ்ஸ்னு ஸ்ட்ரீமிங் ஆப்ப விட்டுச்சு, அவங்களாச்சும் இதுல முந்திக்கலாம்.

அளக்கற விஷயமும் சொல்லணும். டிவிக்கு பார்க் இருக்கு, குறை இருந்தாலும் பொது ஆளு. ஆப்புல எத்தன தடவ ஓடுச்சுன்னு சேனலே எண்ணி சேனலே பில் போட்டா நான் எதுக்கு நம்பணும்? இங்கிலாந்துல பார்ப் (Barb)னு ஒரு பொது அமைப்பு டிவியையும் சேனல் ஸ்ட்ரீமிங்கையும் சேத்தே அளக்குது, இங்கயும் அது வரணும். எந்த ஊர்ல எத்தன தடவன்னு ஒரு ரிப்போர்ட்டு, ஒரே ஆளுக்கு ஒரு மணி நேரத்துல ரெண்டு தடவைக்கு மேல காட்டாம ஒரு கட்டுப்பாடு (அந்த சோப்ப என் மச்சினன் இனிமே வாங்குவாருங்கறீங்க?), தமிழ்ல ஒரு பேஜு, யுபிஐல காசு கட்டுற வசதி, இவ்ளோதான் வேணும்.

கட்டுரை எழுதுன தம்பி அடுத்து ஏதாச்சும் ஒரு சேனலோட விளம்பர ஆபீஸ்ல பேட்டி எடுத்தா, ஆப்புல மணிக்கு எத்தன நிமிஷம் போர்டு மட்டும் ஓடுதுன்னு கேட்டு போடச் சொல்லுங்க. தை முகூர்த்தத்துக்கு முன்னாடி கேட்டா ரொம்ப நல்லது, அதுக்கப்பறம் எங்களுக்கு போன எடுக்கவே நேரம் இருக்காது.

இப்படிக்கு,
ஒரு பலகாரக் கடைக்காரர்,
காரைக்குடி