கெடு முடிவதற்குள் மாத்திரை கொடுங்கள்: சுகாதாரத் துறைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய சுகாதாரத் துறை அதிகாரிகளுக்கும் மருத்துவமனை நிர்வாகிகளுக்கும்,

வணக்கம்.

நான் கேட்க வந்தது ஒன்றே ஒன்றுதான். வைரஸ் தொற்றால் உயிருக்கே ஆபத்து வரக்கூடிய முதியவர்களுக்கும் நாள்பட்ட நோயாளிகளுக்கும், அவர்கள் உங்களிடம் வந்த அன்றைக்கே வைரஸ் எதிர்ப்பு மாத்திரையைத் தொடங்க வழி செய்யுங்கள்.

இந்த மருந்துகளுக்குக் கெடு உண்டு என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். ஃப்ளூவுக்கு ஓசெல்டமிவிர் என்றால் அறிகுறி தொடங்கி 48 மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் முழுப் பலன். அக்கிக்கு அசைக்ளோவிர், கொப்புளம் கண்ட 72 மணி நேரத்துக்குள். கோவிட்டுக்கு நிர்மட்ரெல்விரும் ரிட்டோனாவிரும் சேர்ந்த மாத்திரை 5 நாளுக்குள். உங்கள் நடைமுறையில் இந்தக் கெடுவுக்கு எங்கேயும் இடமில்லை.

என் அப்பா எழுபதைத் தாண்டியவர். சர்க்கரைக்கும் ரத்தக் கொழுப்புக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர். வீட்டில் செய்த கோவிட் சோதனையில் இரண்டு கோடும் அழுத்தமாகத் தெரிந்தன. அதைப் புறநோயாளிப் பிரிவில் காட்டினோம். வீட்டுச் சோதனை செல்லாது, பிசிஆர் முடிவு வேண்டும் என்றார்கள். சரி என்று அதையும் எடுத்தோம். முடிவு வருவதற்குள் வார விடுமுறை தொடங்கிவிட்டது. அப்புறம் ஒருவழியாக மருத்துவர் கோவிட் மாத்திரைக்குச் சீட்டு எழுதினார். மருந்தகத்தில் அதை வாங்கிப் பார்த்த பெண், அப்பா சாப்பிடும் கொழுப்பு மாத்திரையான சிம்வாஸ்டாட்டின் என்ற பெயரின் கீழே பேனாவால் கோடு போட்டு, "இதோடு அதைக் கொடுக்கக் கூடாது, டாக்டரிடம் கேட்டு வாருங்கள்" என்று திருப்பிக் கொடுத்தார்.

அவர் சொன்னது சரிதான். மருந்துகளைச் சிதைக்கும் ஒரு நொதியை ரிட்டோனாவிர் கல்லீரலில் முடக்கிவிடும். நிர்மட்ரெல்விர் சீக்கிரம் கரைந்து போகாமல் உடலில் தங்குவதற்காகவே அதைச் சேர்க்கிறார்கள். ஆனால் அதே நொதியால் சிதைய வேண்டிய சிம்வாஸ்டாட்டினும் ரத்தத்தில் ஏறி, தசையைக் கெடுக்கும். அதற்கு வழி இல்லாமலில்லை. கொழுப்பு மாத்திரையை முன்கூட்டியே நிறுத்தி, சிகிச்சை முடிந்து சில நாள் கழித்துத் திரும்பத் தொடங்கினால் போதும். இந்த ஒரு வரியை எழுதிக் கையெழுத்துப் போட அன்று பணியில் ஆள் இல்லை. மாத்திரை எங்கள் கைக்கு வந்தபோது கெடு கடந்துவிட்டது. இனிக் கொடுத்துப் பெரிய பலன் இருக்காது என்று மருத்துவரே சொன்னார். அப்பாவை உள்நோயாளியாகச் சேர்த்து ஆக்சிஜன் வைத்தார்கள். பிழைத்து வந்துவிட்டார். இன்றும் மாடிப்படியில் பாதியில் நின்று மூச்சு வாங்குகிறார்.

மாத்திரை கிடைத்திருந்தால் இது எதுவும் நடந்திருக்காது என்று நான் சாதிக்கவில்லை. தடுப்பூசி போடாத, ஆபத்து அதிகமுள்ளவர்களிடம் நடந்த ஆய்வில், 3 நாளுக்குள் தொடங்கியபோது மருத்துவமனை அனுமதியும் இறப்பும் சேர்ந்து 89 சதவீதம் குறைந்தன. தடுப்பூசி போட்டவர்களுக்கு அவ்வளவு பலன் இருக்காது என்பதும் தெரியும். ஆனால் அந்த வாய்ப்பைக்கூட அவருக்கு நீங்கள் கொடுக்கவில்லை.

நாள் ஏன் முக்கியம் என்பது மருந்து வேலை செய்யும் விதத்திலேயே இருக்கிறது. கொரோனா வைரஸ் தன் புரதங்களில் பெரும்பகுதியை ஒரே நீளச் சங்கிலியாகத்தான் தயாரிக்கிறது. அதைத் துண்டாக வெட்ட அதற்கென்று ஒரு நொதி இருக்கிறது. கத்தரிக்கோலின் வாயில் கட்டையைச் செருகுவது போல நிர்மட்ரெல்விர் அந்த நொதியை அடைத்துவிடும். சங்கிலி வெட்டுப்படாவிட்டால் புது வைரஸ் உருவாகாது. ஆனால் ஏற்கெனவே பெருகிவிட்ட வைரஸையோ, அதனால் நுரையீரலில் கிளம்பிய அழற்சியையோ இந்த மருந்தால் ஒன்றும் செய்ய முடியாது. எச்ஐவியிலும் ஹெபடைடிஸ் சியிலும் வைரஸ் ஆண்டுக்கணக்கில் பெருகிக்கொண்டே இருப்பதால், தாமதமாகத் தொடங்கினாலும் மருந்துக்கு வேலை இருக்கும். ஃப்ளூவிலும் கோவிட்டிலும் அந்த அவகாசம் கிடையாது.

இன்னொன்றும் கேட்க வேண்டும். ரிட்டோனாவிர் நேற்று வந்த மருந்தில்லை. 1996-லேயே எச்ஐவிக்கு அனுமதி பெற்றது. எந்த மருந்தோடு சேராது என்ற பட்டியலும் அன்றிலிருந்து சேர்ந்துகொண்டே வருகிறது. இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் அந்தப் பட்டியல் சீட்டு எழுதும் மேசையில் இல்லாமல் போனதற்கு யார் பொறுப்பு?

அப்பாவுக்கு முதல் நாளே ஆன்டிபயாடிக் எழுதிக் கொடுத்தார்கள். அதற்கு எந்தச் சோதனை முடிவும் கேட்கவில்லை, எந்தக் கையெழுத்தும் தேவைப்படவில்லை. வைரஸை அது தொடக்கூடச் செய்யாது. பயன்படாத மருந்தை அள்ளிக் கொடுத்து, பயன்படும் மருந்தைப் பூட்டி வைக்கும் இந்தப் பழக்கம் எத்தனை குடும்பங்களை வதைக்கிறது என்று யாராவது கணக்கெடுத்திருக்கிறீர்களா? நோயாளிக்காக நடைமுறையா, நடைமுறைக்காக நோயாளியா?

கடுமையாகப் பேசியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கண்டபடி கொடுத்தால் வைரஸ் மருந்துக்குப் பழகிவிடும் என்ற உங்கள் கவலை நியாயமானது. 2008-09 பருவத்தில் பரவிய வழக்கமான பருவகால எச்1என்1 ஃப்ளூ வைரஸ் ஓசெல்டமிவிருக்கு அசையாமல் போனதைப் பார்த்திருக்கிறோம். அதனால்தான் எல்லோருக்கும் கேட்கவில்லை, ஆபத்தில் இருப்பவர்களுக்கு மட்டும் கேட்கிறேன். ஃப்ளூ என்று சந்தேகம் வந்தாலே இப்படிப்பட்டவர்களுக்குச் சோதனை முடிவுக்குக் காத்திராமல் மருந்தைத் தொடங்கச் சொல்லி அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமே அறிவுறுத்துகிறது. கோவிட்டுக்கு விரைவுச் சோதனையின் முடிவை ஏற்றுக்கொள்ளுங்கள். சிறுநீரகம் பலவீனமானவருக்கு அளவைக் குறைக்கவும், மாற்று உறுப்பை உடல் நிராகரிக்காமல் இருக்க டாக்ரோலிமஸ் சாப்பிடுகிறவருக்கு வேறு மருந்தைப் பார்க்கவும் முடிவெடுக்கக்கூடிய ஒருவரை விடுமுறை நாளிலும் பணியில் வையுங்கள். வந்த அன்றைக்கே மாத்திரை என்பது இவ்வளவு செய்தாலே நடக்கும்.

அடுத்த காய்ச்சல் பருவம் தொடங்கும் முன் இதற்கான உத்தரவை எழுத்தில் வெளியிட வேண்டும் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். விடுமுறை நாளில் மருந்தகம் யாரைத் தொலைபேசியில் அழைக்க வேண்டும் என்பதையும் அதிலேயே குறிப்பிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு நோயாளியின் மகள்