கேஸ் வருமுன் ஒரு கேள்வி

ஆசிரியர் அவர்களுக்கு,

கட்டுநாயக்க அதிவேக வீதியில் போகும்போது கெரவலப்பிட்டியில் தெரியும் புகைபோக்கிகளைக் காட்டி, "அதுதான் கேஸ் பவர் ஸ்டேஷன்" என்று என் பேரன் சொல்வான். அங்கே இன்னும் கேஸ் வந்து சேரவில்லை என்றால் நம்ப மாட்டான். நான் ஹெந்தளைவாசி, அவனைவிட நீண்ட காலமாகக் காத்திருக்கிறேன்.

இங்குள்ள 300 மெகாவாட் யுகதனவி மின்நிலையம் 2010இல் முழுமையடைந்தது. பிறகு எரிவாயுவுக்கு மாற்றிக்கொள்ளலாம் என்றார்கள், இன்றுவரை எண்ணெய்தான். பக்கத்தில் 350 மெகாவாட் சோபாதனவி. இதற்கு 2016இல் டெண்டர் கோரி, 2024இல்தான் முதற்கட்டம் ஓடியது, அதுவும் டீசலில். நடுவே 2021 செப்டெம்பரில் அமெரிக்க நிறுவனம் ஒன்றுக்கு யுகதனவியின் 40 வீதப் பங்கை 250 மில்லியன் டொலருக்குக் கொடுக்கவும், கப்பலில் திரவமாக வரும் எரிவாயுவை இறக்கி மீண்டும் வாயுவாக்கும் முனையத்தைக் கடலில் அமைக்கவும் ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். உயர் நீதிமன்றம் வரை வழக்குப் போனது. முனையம் மட்டும் வரவில்லை.

சரி, இனியாவது சீக்கிரம் கொண்டுவாருங்கள் என்று சொல்லத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் யோசிக்க யோசிக்க வேறொரு பயம் வந்துவிட்டது.

2030இல் மின்சாரத்தில் 70 வீதம் நீர், சூரியன், காற்று போன்றவற்றிலிருந்து வரும், 2050இல் கரியமில வாயுவின் நிகர வெளியீடு பூச்சியம் என்று இலங்கை உலகத்துக்கு வாக்குக் கொடுத்திருக்கிறது. எரிவாயு முனையம் போடுபவரோ 20 வருடத்துக்காவது வியாபாரம் உறுதியா என்று கேட்பார். இந்த வியாபாரத்தில் வழக்கமான நிபந்தனை ஒன்று உண்டு: ஆண்டுக்கு இவ்வளவு எடுப்பதாகச் சொன்னால், எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் காசு கட்ட வேண்டும். நல்ல மழை பெய்து காசல்ரீ, விக்டோரியா நீர்த்தேக்கங்கள் நிரம்பி வழியும் வருடத்திலும் கட்ட வேண்டும்.

2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் நடந்ததை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். தொழிற்சாலைகள் பூட்டு, வெயிலோ கொளுத்துகிறது. கூரையில் சோலார் போட்டவர்களைப் பகலில் நிறுத்தி வைக்கச் சொன்னார்கள். சும்மா கிடைக்கும் வெயிலையே வேண்டாம் என்ற நாளில், டொலர் கொடுத்துக் கட்டாயமாக வாங்கிய வாயுவை எந்தப் பாத்திரத்தில் ஊற்றி வைப்பது?

அதற்காக இந்த நிலையங்களே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதே ஆண்டு பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்து நாடே இருளில் மூழ்கியதே, பாவம் குரங்கின் மேல் மட்டும் பழியைப் போட முடியாது. ஞாயிற்றுக்கிழமை, பாவனை குறைவு, சோலார் அதிகம். அதிர்ச்சியைத் தாங்கிக்கொள்ளக் கனமாகச் சுழலும் இயந்திரங்கள் போதாமல் இருந்தன. பொழுது சாய்ந்து சோலார் அடங்கியதும் ஊர் முழுக்க லைட் போடும் நேரத்துக்கும் விரைவாகக் கூட்டிக் குறைக்கக்கூடிய டர்பைன்கள் வேண்டும். எரிவாயுவில் ஓடினால் ஒரு யூனிட்டுக்கு வெளியேறும் கரியமில வாயுவும் நுரைச்சோலை நிலக்கரி மின்நிலையத்தில் வெளியேறுவதில் ஏறக்குறைய பாதிதான். ஆனால் எரிவாயுவின் பெரும்பகுதியான மீதேன் வழியில் கசிவதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்; 20 வருடக் கணக்கில் மீதேன் கரியமில வாயுவைவிட 80 மடங்குக்கு மேல் சூடேற்றக்கூடியது.

வெளிநாட்டு விதிகளைப் பார்த்தும் நாம் அமைதியாக இருக்க முடியாது. அமெரிக்கா 2024இல், இடைவிடாது ஓடும் புதிய எரிவாயு நிலையங்கள் 2032க்குள் கரியமில வாயுவில் 90 வீதத்தைப் பிடித்துவிட வேண்டும் என்று விதித்தது. ஆட்சி மாறி அடுத்த வருடமே அதை நீக்க முன்மொழிந்தது. பணக்கார நாடு இப்படி முன்னும் பின்னும் போய்ப் பார்க்கலாம். கடனில் ஓடும் நமக்கு அந்த வசதி கிடையாது.

கெரவலப்பிட்டி நிலையங்கள் மாலை நேரத்துக்கும் மழையில்லாக் காலத்துக்கும் மட்டும் ஓடட்டும். வாயுவையும் அந்த அளவுக்கே பேசுங்கள். முனையத்துக்கு நிரந்தரக் கட்டுமானம் வேண்டாம். வேலை முடிந்ததும் அனுப்பிவிடக்கூடிய மிதக்கும் கப்பலைக் குறுகிய வாடகைக்கு எடுக்கலாம். யூனிட்டுக்குச் சற்று விலை கூடும்தான். மின்சாரப் பட்டியல் கட்டுகிறவன் என்ற முறையில் அதைத் தெரிந்தேதான் எழுதுகிறேன்.

ஆசிரியர் ஐயா, அடுத்த ஒப்பந்தம் கையெழுத்தாகுமுன் உங்கள் நிருபரை அனுப்பி இதை மட்டும் கேட்கச் சொல்லுங்கள்: வருடத்துக்குக் குறைந்தபட்சம் எவ்வளவு வாயு எடுத்தாக வேண்டும், எத்தனை வருடத்துக்கு? கிடைக்கும் பதிலை முதல் பக்கத்தில் போடுங்கள்.

இப்படிக்கு,
ஹெந்தளை வாசகர் ஒருவர்
வத்தளை