பொருள்: முன்னறை சாஷ் யன்னல்களில் செய்த திருத்த வேலை பற்றிய புகார்

முகாமையாளர் அவர்களுக்கு,

வணக்கம். கிழக்கு லண்டனில் உள்ள எங்கள் வீட்டு முன்னறையின் மூன்று சாஷ் யன்னல்களை, அதாவது மேல்ச் சட்டமும் கீழ்ச் சட்டமும் ஏறி இறங்கும் பழைய யன்னல்களை, உங்கள் ஆட்கள் மார்ச் மாதம் திருத்தித் தந்தார்கள். பேசிய 3,400 பவுணையும் அன்றைக்கே கட்டிவிட்டேன். பற்றுச்சீட்டின் பிரதியை இத்துடன் வைத்திருக்கிறேன். இரண்டு முறை போனில் சொல்லிப் பார்த்தேன். பலன் இல்லாததால் இப்போது எழுத்தில் தருகிறேன்.

நடு யன்னலின் கீழ்ச் சட்டத்தைத் தூக்கினால் நிற்பதில்லை. கையை விட்டதும் தடார் என்று விழுகிறது. போன கிழமை என் இளைய மகள் யன்னல் விளிம்பில் இருந்து கையை எடுத்தாள், அடுத்த நொடி சட்டம் விழுந்தது. அன்றிலிருந்து பூரிக்கட்டையை முட்டுக் கொடுத்துத்தான் காற்று வாங்குகிறோம்.

உங்கள் அலுவலகத் தம்பியிடம் இதைச் சொன்னபோது, "அக்கா, நூறு வருசத்துக்கு மேற்பட்ட யன்னல், அப்பிடித்தான் இருக்கும்" என்றார். நீங்கள் கை வைக்கும் முன் அது அப்படி இருக்கவில்லை. கயிறு நைந்திருந்தது, இடுக்கால் குளிர் வந்தது, உண்மைதான். ஆனால் இரண்டு விரலால் தூக்கினால் போதும், விட்ட இடத்திலேயே நிற்கும். 1890களில் செய்த தச்சன் கணக்குத் தெரிந்தவன்.

காரணம் அறிய வேறொரு தச்சரை 60 பவுண் கொடுத்துக் கூப்பிட்டேன். அவர் ஓரச் சலாகையைக் கழற்றி, சட்டத்தை வெளியே எடுத்து, பக்கவாட்டுப் பெட்டிக்குள் கயிற்றில் தொங்கி, சட்டத்தின் கனத்தைச் சமன்செய்யும் எடைக்குண்டை இழுத்துக் காட்டினார். வார்ப்பிரும்பு, தலையில் ‘10’ என்று பொறித்திருக்கிறது. பத்து இறாத்தல், அதாவது நாலரைக் கிலோ. பக்கத்துக்கு ஒன்றாக இரண்டும் சேர்ந்தால் ஒன்பது கிலோ. பழைய ஒற்றைக் கண்ணாடியோடு சட்டம் ஏறக்குறைய ஒன்பதரைக் கிலோ இருந்திருக்கும், அதனால் சரியாக நின்றது. நீங்கள் அதில் இரட்டைக் கண்ணாடி போட்டீர்கள். ஒரு சதுர மீற்றர் கண்ணாடி, ஒவ்வொரு மில்லிமீற்றர் தடிப்புக்கும் இரண்டரைக் கிலோ. முன்பு 3 மில்லிமீற்றர், இப்போது நாலும் நாலும் எட்டு. குளியலறைத் தராசில் வைத்துப் பார்த்தோம்: சட்டம் 17 கிலோ. குண்டோ அதே பழைய குண்டு! கயிறை மட்டும் புதிதாக மாற்றிக் கட்டியிருக்கிறீர்கள். கண்ணாடியை மாற்றினால் குண்டையும் மாற்ற வேண்டும் என்பது இந்தத் தொழிலில் முதல் பாடம் இல்லையா? பெட்டிக்குள் இடம் போதாது என்றால் ஈயக் குண்டு இருக்கிறது. ஒரே பருமனில் ஈயம் இரும்பைவிட ஒன்றரை மடங்கு கனம்.

அப்புறம் இடப்பக்க யன்னல். மேல்ச் சட்டத்தைப் பெயின்ற் அடித்தே ஒட்டிவிட்டீர்கள். மேலே கொஞ்சம் இறக்கி, கீழே கொஞ்சம் ஏற்றினால் சூடு மேலால் போய்க் குளிர்காற்று கீழால் வரும். சாஷ் யன்னலின் அருமையே அதுதான். வருகிற ஜூலைக்கு அந்த அறையில் படுக்க முடியாது.

விலைச்சீட்டில் "உக்கிய கீழ்க்கட்டையை வெட்டி எடுத்துப் புது மரம் பொருத்துதல்" என்று ஒரு வரி, 420 பவுண். வலப்பக்க யன்னலின் கீழ்க்கட்டையில் பேனாக்கத்தியை வைத்து அழுத்தினேன். பெயின்ற் தோல் கிழிந்தது, பூச்சுமா உதிர்ந்தது, அதற்குப் பின்னால் ஈரமான பழைய மரம், நனைந்த கேக் மாதிரி. புது மரம் ஒரு அங்குலம்கூட இல்லை. கட்டையின் அடியில் மழைத்தண்ணீர் சொட்டி விழ ஒரு காடி, அதாவது நீளப் பள்ளம், வெட்டியிருந்தது. அதையும் பூசி அடைத்துவிட்டார்கள். தண்ணீர் இப்போது சுவரோடு வழிகிறது. படங்களை வட்ஸ்அப்பில் ஏற்கெனவே அனுப்பியிருக்கிறேன், இரண்டு நீலக் கோடும் விழுந்துவிட்டது.

இரண்டாவது முறை பேசியபோது, எல்லாவற்றையும் கழற்றிவிட்டுப் பிளாஸ்ரிக் யன்னல் போடலாம், விலைக்கழிவு தருகிறோம் என்றீர்கள். எங்கள் தெரு, பழைய கட்டடங்களின் தோற்றத்தைக் காக்கும் பாதுகாப்புப் பகுதி. ஆர்ட்டிக்கிள் 4 கட்டளை இருப்பதால் முன்பக்க யன்னலை அப்படி மாற்ற கவுன்சிலிடம் திட்ட அனுமதி எடுக்க வேண்டும். வேலை பேச வந்த அன்றே இதைச் சொன்னேன், உங்கள் ஆள் குறிப்பும் எழுதினார். திருத்தத் தெரியாததற்குப் புதிதாக விற்பதுதான் மருந்தா?

2015ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, சேவையை உரிய கவனத்தோடும் திறமையோடும் செய்திருக்க வேண்டும். செய்யாவிட்டால் உங்கள் செலவில், நியாயமான காலத்துக்குள் திரும்பச் செய்து தர வேண்டும். அதுவும் முடியாவிட்டால் விலையில் குறைக்க வேண்டும். நான் கேட்பது திரும்பச் செய்து தருவதைத்தான். மூன்று யன்னல்களுக்கும் சட்டத்தை நிறுத்துப் பார்த்து ஏற்ற குண்டு போடுங்கள். ஒட்டிய மேல்ச் சட்டத்தை விடுவியுங்கள். கீழ்க்கட்டைக்கு விலைச்சீட்டில் எழுதியபடி மரம் வையுங்கள், காடியோடு. தச்சருக்குக் கொடுத்த 60 பவுணையும் திருப்பித் தாருங்கள். 14 நாட்களுக்குள் பதில் வராவிட்டால் வேலையை வேறு ஆளிடம் கொடுத்து, அந்தச் செலவை உங்களிடம் கோருவேன்.

வரும் நாளை முன்கூட்டியே சொல்லுங்கள். சனிக்கிழமை காலை வேண்டாம், பிள்ளைகளுக்குத் தமிழ்ப் பள்ளிக்கூடம். பெயின்ற்றைச் சுரண்டுவதானால் விரிப்பும் முகமூடியும் கொண்டு வாருங்கள். அடிப் பெயின்ற்றில் ஈயம் இருக்கும், வீட்டில் சின்னப் பிள்ளைகள்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: பற்றுச்சீட்டு, விலைச்சீட்டு, ஒன்பது படங்கள்