நெகேமியாவின் நாலு மாதம்

ஏற்காடு,
புதன்கிழமை

அன்புள்ள கண்ணுக்கு,

கர்த்தருடைய கிருபையால் எல்லோரும் சுகம். மிளகு களத்தில் காய்கிறது, காப்பி பூக்க வேண்டிய பூ மழையும் பெய்துவிட்டது. மற்றச் செய்திகள் பிறகு. பெண்கள் ஜெபக்கூட்டத்தில் இந்த மாதம் காத்திருக்கும்போது எப்படி ஜெபிப்பது என்று பேசிக்கொண்டிருக்கிறோம். உனக்கும் எழுதலாமே என்று தோன்றியது. வேறு காரணம் இல்லை.

முதலில் சாப்பாடு. எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழே படுத்து, சாகவேண்டும் என்று கேட்டபோது தூதன் அவனுக்குப் பிரசங்கம் பண்ணவில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் வைத்து எழுப்பினான். சாப்பிட்டுத் திரும்பப் படுத்துக்கொண்டான். மறுபடியும் எழுப்பிச் சாப்பிட வைத்தான். அதற்கப்புறம்தான் ஓரேப் மலை, அங்கே கர்த்தர் பேசின அமர்ந்த மெல்லிய சத்தமெல்லாம். உபவாசம் இருப்பதானால் வெள்ளிக்கிழமை காலை ஒரு வேளை மட்டும் விடு. தண்ணீர் குடி, வெறும் வயிற்றில் காப்பி வேண்டாம், உன்னுடையது புண் வந்த வயிறு. மதியம் மோர்சாதத்தோடு முடி. ஏழு நாள், இருபத்தொரு நாள் என்று எவராவது சொன்னால் காதில் வாங்காதே. பட்டினி கிடந்தால்தான் கேட்பார் என்றால் அவர் என்ன தகப்பன்?

ஜெபத்தைக் காலையில், போனைத் தொடுவதற்கு முன் வைத்துக்கொள். இருட்டில் படுத்தபடி ஆரம்பித்தால் ஐந்து நிமிஷத்தில் அது கணக்குப் போடுவதாக மாறிவிடும். ஆமென் எங்கே வந்தது என்றே தெரியாது. தூக்கம் வராவிட்டால் விளக்கைப் போட்டு எழுந்து உட்கார்ந்து பதின்மூன்றாம் சங்கீதத்தைச் சத்தமாகப் படி. ஆறே வசனம். "எதுவரைக்கும்" என்று தாவீது கர்த்தரிடம் நாலு தடவை கேட்கிறான். அப்படிக் கேட்பது அவிசுவாசம் என்று சொல்கிறவர்கள் சங்கீதம் படிக்காதவர்கள்.

இனி நெகேமியா, பெர்சிய ராஜாவுக்குத் திராட்சரசம் பரிமாறும் பானபாத்திரக்காரனாக இருந்த யூதன். எருசலேமின் மதில் இடிந்து கிடக்கும் செய்தி அவனுக்கு வந்தது கிஸ்லேவு மாதம், நம் கணக்குக்கு நவம்பர் டிசம்பர். ராஜாவிடம் வாய் திறந்தது நிசான், மார்ச் ஏப்ரல். நடுவே நாலு மாதம் அழுதான், உபவாசித்தான், பானபாத்திரக்காரன் வேலையையும் பார்த்தான். வேலை இருந்தது, அது அவனுக்கு வாய்த்தது. அந்த நாலு மாதத்தில் என்ன கேட்க வேண்டும் என்று யோசித்து வைத்திருக்கிறான் பார், அதுதான் எனக்குப் பிடித்தது. ராஜா கேட்டதும் ஒரு மூச்சு நேரம் பரலோகத்தை நோக்கி ஜெபித்தான். உடனே எவ்வளவு காலம் வேண்டும் என்று தவணை சொன்னான், நதிக்கு அப்புறத்து அதிபதிகளுக்குக் கடிதம் கேட்டான், வாசல்களுக்கும் மதிலுக்கும் தான் தங்கும் வீட்டுக்கும் மரம் கொடுக்க வனக்காவலாளன் ஆசாப்புக்கு ஒரு கடிதம் கேட்டான். ஆசாப்பின் பெயர் வரைக்கும் தெரிந்து வைத்திருந்தான்!

நீயும் ஒரு நோட்டு வாங்கு. இடப்பக்கம் தேதியும் ஒரே வாக்கியத்தில் தேவையும். "என் வழிகளை ஆசீர்வதியும்" என்று எழுதினால் பதில் வந்ததா இல்லையா என்று எப்படிக் கண்டுபிடிப்பாய்? உதாரணத்துக்கு ஒருவனுக்கு வேலை தேவை என்று வை, உதாரணத்துக்குத்தான். எந்த வேலை, எந்த ஊர், வீட்டு வாடகைக்கு எந்தத் தேதிக்குள் எவ்வளவு வேண்டும், இவ்வளவையும் எழுத வேண்டும். கீழே அன்றைக்குச் செய்யப்போகும் ஒரு காரியம்: ஒரு விண்ணப்பம், பழைய சிநேகிதன் ஒருவனுக்கு ஒரு போன். நெகேமியாவும் ஜெபம் பண்ணி, ஜாமக்காரரையும் வைத்தான். வலப்பக்கத்தைக் காலியாக விடு. வந்ததைத் தேதியோடு எழுது, பாதி வந்தாலும் எழுது. ஒரு பக்கத்தில் மூன்று தேவைக்கு மேல் வேண்டாம்.

இன்னொன்று. முகம் ஏன் வாடியிருக்கிறது என்று ராஜா கேட்டபோது மிகவும் பயந்தான் என்று எழுதியிருக்கிறது. ஆனாலும் ஒன்றுமில்லை என்று மழுப்பாமல் சொல்லிவிட்டான். ராஜாவிடம் பயம் நியாயம். பெற்றவர்களிடம் என்ன பயம் என்று நான் கேட்கவில்லை. காலை பதினொரு மணிக்குக் கூப்பிட்டால் முன்பெல்லாம் மீட்டிங் என்று வெட்டிவிடுவாய். இப்போது முதல் மணியிலேயே எடுக்கிறாய். எனக்குச் சந்தோஷம்தான். சாப்பிட்டாயா என்றால்தான் பதில் வரமாட்டேன் என்கிறது.

புத்தாண்டு ஆராதனையில் உனக்காக நான் எடுத்த வாக்குத்தத்த அட்டையில் எரேமியா 29:11 இருந்தது, உங்கள்பேரில் நான் நினைத்திருப்பது தீமைக்கல்ல, சமாதானத்துக்கே என்று கர்த்தர் சொல்லும் வசனம். வசனத்தை மட்டும் பிடித்துக்கொண்டு இந்த மாதமே என்று நாள் குறிக்காதே. அது பாபிலோனுக்குச் சிறைபோனவர்களுக்கு எழுதினது, அதற்கு முந்தின வசனத்திலேயே எழுபது வருஷம் என்று இருக்கிறது. ஐந்தாம் வசனம் வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள் என்கிறது. இரண்டே வருஷத்தில் எல்லாம் திரும்பி வரும் என்று அனனியா என்ற கள்ளத் தீர்க்கதரிசி சொன்னான், ஜனங்களுக்கு இனிப்பாகத்தான் இருந்திருக்கும். போனில் தீர்க்கதரிசனம் சொல்லிக் காணிக்கைக்கு எண் கொடுப்பவர்களும் அந்த ஜாதிதான், ஒரு ரூபாய் அனுப்பாதே. பொருத்தனையும் வேண்டாம். முதல் மாதச் சம்பளம் முழுவதும் உமக்கே என்று வாக்குக் கொடுத்துவிட்டு, அந்த மாதம் கடனும் வாடகையும் நெருக்கும்போது குற்ற உணர்ச்சியில் கோயில் பக்கமே போகாமல் நின்றுவிடுகிறார்கள். நேர்ந்துகொண்டு செய்யாமல்போவதைவிட நேராமலிருப்பதே நலம் என்று வேதத்தில் பிரசங்கி சொல்கிறான்.

பாடம் வாசிக்க நீ நின்றால் கடைசி பெஞ்சு வரை கேட்கும் என்று ஆயர் இன்றைக்கும் சொல்கிறார். ஈஸ்டருக்கு நீ வரவில்லை என்றும் அவரே சொன்னார். அங்கே எந்தச் சபையானாலும் சரி, ஞாயிறு போய் உட்கார். காலையில் சாப்பிட்டுவிட்டுப் போ.

ஒன்றாம் தேதியே பணம் வந்துவிட்டது. எங்கிருந்து புரட்டினாய் என்று அப்பா முணுமுணுத்தார், நான் அடக்கினேன். அடுத்த மாதம் அனுப்பாதே. காப்பி வியாபாரி கணக்கு முடித்துவிட்டார், எங்களுக்கு இருக்கிறது. சனிக்கிழமை அப்பா மிளகு கொடுக்கச் சேலம் இறங்குகிறார். அப்படியே பெங்களூருக்குப் பஸ் ஏறி உன்னைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்கிறார். வரட்டுமா, வேண்டாமா? வெள்ளிக்கிழமைக்குள் சொல்லிவிடு.

அம்மா