பழைய கொகிள்ஸ் பற்றி நம் வாடிக்கையாளர்களுக்கு

அன்பான வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

"வெள்ளைக்காரனுக்கு நல்ல கண்ணாடி, நம்ம ஆளுக்குப் பிளாஸ்டிக்" என்று ஹட்டன் பக்கம் ஒரு பேச்சு ஓடுகிறது. அதாவது, பழைய கொகிள்ஸை (வேலையில் கண்ணைக் காக்கப் போடும் கண்ணாடி) நம் கடையில் வெள்ளைக்காரருக்கு விற்றுவிட்டு, வேலைக்குக் கேட்கும் நம் ஆட்களுக்குப் பிளாஸ்டிக்கைக் கொடுக்கிறோமாம். டிக்கோயாவிலிருந்து வந்த ஓர் அண்ணன் கடைக்குள்ளேயே கேட்டும் விட்டார். சரி, முகத்துக்கு நேரே கேட்டது நல்லதுதான்.

மூடிய ஸ்டோர்களிலும் பழைய பட்டறைகளிலும் வாங்கிய கொகிள்ஸை வேலைக்கென்று கேட்டால் யாருக்கும் கொடுப்பதில்லை. தோல் ஓரம், கம்பி வலை, தடித்த கண்ணாடி எல்லாம் பார்க்கக் கம்பீரம்தான். ஆனால் கண்ணாடி தடித்திருப்பதால் அடி தாங்கும் என்று நினைக்க வேண்டாம். சூடேற்றிப் பதப்படுத்தாத பழைய கண்ணாடி உடைந்தால் கூரான சில்லாகப் பறக்கும். பதப்படுத்திய கண்ணாடியும் கிரைண்டர் பொறி பட்டுப் பட்டுக் குழி விழுந்திருந்தால் பலம் போனதுதான். சிலவற்றின் பிரேம் செலுலொயிட் என்ற பழைய காலத்துப் பிளாஸ்டிக். நெருப்பை உடனே பிடிக்கும். நாங்கள் வேலைக்குத் தருவது, நீங்கள் 'பிளாஸ்டிக்' என்று முகம் சுளிப்பது, பொலிகார்பனேட் என்ற வேறு வகை. அடி விழுந்தால் சில்லாகாமல் வளைந்து தாங்கும். சீக்கிரம் கீறல் விழும், அதை நான் மறைக்கவில்லை.

நீலக் கண்ணாடியை வெல்டிங்குக்குக் கேட்பவர்களுக்கும் இதே பதில்தான். அது உலைக்குள் எட்டிப் பார்ப்பதற்கு. கண்ணாடியின் கறுப்பை இலக்கத்தால் சொல்வார்கள், இலக்கம் கூடக் கறுப்பும் கூடும். காஸ் வெல்டிங்குக்கு 5ஆம் இலக்கம் அளவிலும், கரண்ட் வெல்டிங்குக்குப் பெரும்பாலும் 10க்கு மேலும் கறுப்புக் கண்ணாடி வேண்டும். வெள்ளைக்காரர் இவற்றை வாங்குவது வீட்டு அலுமாரியில் வைக்க. அவர் அதைப் போட்டுக்கொண்டு கம்பி வெட்டப் போவதில்லையே!

இந்தச் சாமான்களை மதிக்காமல் சொல்லவில்லை. உலை வெளிச்சத்தின் முன்னால் நிற்பவர்களுக்காக 1880இல் அமெரிக்காவில் பவல் ஜோன்சன் என்ற கறுப்பினத்தவர் கண்காப்புக்குக் காப்புரிமை எடுத்தார். கண்ணாடி உருக்குபவர்களுக்கு உலைச் சூட்டால் கண்புரை வந்ததைப் பார்த்து, இங்கிலாந்தில் வில்லியம் குரூக்ஸ் என்ற விஞ்ஞானி நூற்றுக்கணக்கான கண்ணாடிக் கலவைகளைச் சோதித்து 1914இல் முடிவை வெளியிட்டார். எங்களிடமுள்ள ஒன்றிரண்டில் 'ஏஓ' என்று பொறித்திருக்கும். அது மாசசூசெட்ஸ் மாநிலத்து சவுத்பிரிட்ஜில் இருந்த அமெரிக்கன் ஒப்டிகல் என்ற கண்ணாடிக் கம்பனி. வந்து கையில் எடுத்துப் பாருங்கள், பார்ப்பதற்குக் காசில்லை.

டொலர் ஏறி நாடே தவித்த நாட்களிலும், 2024இல் வற் வரி 18 வீதமான பிறகும், கடன் கொப்பியை ஒழுங்காகத் தீர்த்து எங்களை நிற்க வைத்த தோட்டத்து வெல்டர்மாருக்கும் கராஜ் தம்பிமாருக்கும் எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. வேலைக் கண்ணாடி உங்களுக்கு முன்பிருந்த அதே விலையில்தான்.

தோல் தைக்கும் தம்பி கட்டாருக்குப் போய்விட்டதால் கொகிள்ஸின் தோல் பட்டி மாற்ற இரண்டு மூன்று கிழமை எடுக்கும், கூலியும் 400 ரூபாயிலிருந்து 650 ஆகிறது. அலுமாரிச் சாமான்களை விற்றால் திரும்ப எடுப்பதில்லை. யாருக்காவது மனவருத்தம் இருந்தால் கடைக்கு வாருங்கள், தேத்தண்ணி குடித்துக்கொண்டே பேசலாம். ஞாயிறு மட்டும் பூட்டு.

இப்படிக்கு,
உங்கள் கடை முதலாளி, ஹட்டன்