செயலாளர் ஆண்டறிக்கை 2025: உயிரியல் ஆயுதங்களைப் படித்த ஓர் ஆண்டு

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நம் பொது சுகாதார வாசிப்பு வட்டத்துக்கு இந்த ஆண்டுப் பொருளாக உயிரியல் ஆயுதங்களை, அதாவது ஆயுதமாகப் பயன்படுத்தப்படும் நோய்க்கிருமிகளை, எடுத்தபோது, சர்க்கரையும் ரத்தக்கொதிப்பும் வீட்டுக்கு வீடு இருக்கையில் இது எதற்கு என்று பலர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். அவற்றைத் தடை செய்யும் பன்னாட்டு ஒப்பந்தமான உயிரியல் ஆயுத உடன்படிக்கை 1975 மார்ச் 26 அன்று நடைமுறைக்கு வந்தது, 2025-இல் அதற்கு ஐம்பது வயது, அதனால் எடுத்தோம். கேள்வி கேட்டவர்கள்தான் கடைசியில் எல்லாக் கூட்டத்துக்கும் தவறாமல் வந்தார்கள் என்பதையும் இங்கே பதிவு செய்துவிடுகிறேன்.

முதல் கூட்டங்கள் சட்டத்திலேயே போயின. 1925-ஆம் ஆண்டு ஜெனீவா நெறிமுறை, நோய்க்கிருமிகளைப் போரில் பயன்படுத்தக்கூடாது என்று மட்டும்தான் சொன்னது. தயாரிக்கலாம், குவித்து வைக்கலாம், அதற்குத் தடை இல்லை. அந்த ஓட்டையை அடைக்க வந்ததுதான் 1972-இல் கையெழுத்துக்கு வைக்கப்பட்ட இந்த உடன்படிக்கை. ஆனால் நாடுகள் அதன்படி நடக்கின்றனவா என்று போய்ப் பார்க்க ஆள் கிடையாது. ரசாயன ஆயுதங்களுக்கு ஹேக் நகரில் ஒரு தனி அமைப்பும் ஆய்வாளர்களும் இருக்கிறார்கள், இதற்கு ஜெனீவாவில் விரல் விட்டு எண்ணக்கூடிய சில பேர் கொண்ட அலுவலகம் மட்டும். சரிபார்ப்புக்கு ஒரு நெறிமுறை கொண்டுவர நடந்த பேச்சும் 2001-இல் அமெரிக்கா மறுத்ததோடு நின்றுபோனது. "அப்போ எல்லாம் நம்பிக்கையில்தான் ஓடுதா?" என்று ஒரு உறுப்பினர் கேட்டார். பெரும்பாலும் அப்படித்தான்.

அந்த நம்பிக்கைக்கு என்ன நடந்தது என்பதைத்தான் ஸ்வெர்த்லோவ்ஸ்க் கூட்டத்தில் பார்த்தோம், இந்த ஆண்டின் மிகச் சிறந்த கூட்டம் அதுதான் என்பது என் கருத்து. 1979 ஏப்ரலில் அந்த சோவியத் நகரத்தில் ஆந்த்ராக்ஸ் என்ற கொடிய பாக்டீரியா நோய் வந்து குறைந்தது 66 பேர் இறந்தார்கள். கெட்டுப்போன இறைச்சியால் வந்தது என்றது அரசு, அதையே பல ஆண்டுகள் சொல்லிக்கொண்டும் இருந்தது. இத்தனைக்கும் உடன்படிக்கையைப் பாதுகாக்கும் பொறுப்பேற்ற மூன்று நாடுகளில் சோவியத் ஒன்றியமும் ஒன்று! 1992-இல்தான் ரஷ்ய அதிபர் யெல்ட்சின் ராணுவ வேலைதான் காரணம் என்று ஒப்புக்கொண்டார். அமெரிக்க உயிரியலாளர் மேத்யூ மெசெல்சன் தலைமையில் போன குழு ஒவ்வொரு குடும்பமாகப் பார்த்து, இறந்தவர்கள் கிருமி கசிந்ததாகக் கருதப்பட்ட அந்தப் பகல் நேரத்தில் எங்கே இருந்தார்கள் என்று வரைபடத்தில் குறித்தது. புள்ளிகள் எல்லாம் ராணுவ வளாகத்திலிருந்து காற்று வீசிய திசையில் ஒரு குறுகிய பட்டையாக விழுந்தன, அதே திசையில் இன்னும் தள்ளியிருந்த ஊர்களில் ஆடுமாடுகள் செத்திருந்தன. இறைச்சி காற்று வீசும் திசை பார்த்துப் பரவாது, இல்லையா? சுகாதார ஊழியர்கள் வீட்டு வாசலில் உட்கார்ந்து கேட்டு எழுதும் அதே பழைய தொற்றுநோயியல் வேலை ஒரு வல்லரசின் பொய்யை உடைத்தது. அன்றைக்குக் கூட்டம் முடிய ரொம்ப நேரம் ஆனது, யாரும் எழுந்து போகவில்லை.

அடுத்து அமெரிக்காவின் ஓரிகன் மாநிலம், 1984. தி டேலஸ் என்ற சிறு நகரத்தில் உணவகங்களின் சாலட் மேசைகளில் சால்மோனெல்லா என்ற வயிற்றுப்போக்குக் கிருமியைக் கலந்து 751 பேரை நோயாளி ஆக்கியது ரஜனீஷின் ஆசிரமத்தைச் சேர்ந்த ஒரு கும்பல். உள்ளூர்த் தேர்தலில் ஓட்டுப் போட வருகிறவர்களைக் குறைப்பது திட்டம். யாரும் சாகவில்லை. நாம் கவனிக்க வேண்டியது இதுதான்: விசாரித்த சுகாதார அதிகாரிகள் முதலில் சமையல் ஊழியர்களின் சுத்தக்குறைவுதான் காரணம் என்று நினைத்தார்கள். அடுத்த ஆண்டு ஆசிரமத்துக்குள் சண்டை வந்து, அங்கிருந்த ஆய்வகத்தில் அதே கிருமி கிடைத்த பிறகுதான் உண்மை வெளிவந்தது. வேண்டுமென்றே பரப்பிய நோயும் தானாக வந்த நோயும் ஆரம்பத்தில் ஒரே மாதிரிதான் தெரியும். அதனால் உயிரியல் பயங்கரவாதத்துக்கென்று தனியாக ஒரு காவல் போட முடியாது. வயிற்றுப்போக்கு ஏன் திடீரென்று கூடுகிறது என்று கணக்குப் பார்க்கும் சாதாரண நோய்க் கண்காணிப்புதான் அந்தக் காவலும். அதற்கு நிதியை வெட்டிவிட்டுப் பாதுகாப்பு பற்றி மாநாடு போடுவதில் பயன் இல்லை. இதை நான் கூட்டத்திலும் சொன்னேன், சிலருக்குப் பிடிக்கவில்லை.

2001-இல் அமெரிக்காவில் ஆந்த்ராக்ஸ் கிருமித் தூளை உறையில் வைத்துத் தபாலில் அனுப்பிய கடிதங்களைப் பற்றி இரண்டு கூட்டம். 22 பேருக்கு நோய், 5 பேர் மரணம். புளோரிடாவில் ஒரு மருத்துவர் நோயாளியின் தண்டுவட நீரை மைக்ராஸ்கோப்பில் பார்த்துச் சந்தேகப்பட்டு உடனே தகவல் சொன்னதால்தான் விஷயம் வெளியே தெரிந்தது. இறந்தவர்களில் இருவர் வாஷிங்டன் தபால் நிலையத் தொழிலாளர்கள். செனட் கட்டிடத்தில் இருந்தவர்களுக்கு உடனே பரிசோதனையும் மருந்தும் கிடைத்தன. ஒட்டிய உறையிலிருந்து கிருமி கசியாது என்று நம்பித் தபால் பிரிக்கும் இடத்தைத் திறந்தே வைத்திருந்தார்கள். நம் வட்டத்தில் தபால் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் கோபத்தை நான் எழுதத் தேவையில்லை. யார் செய்தது? அமெரிக்க ராணுவத்தின் சொந்த ஆய்வகத்திலேயே வேலை பார்த்த ஒரு விஞ்ஞானி என்று அந்நாட்டின் மத்தியப் புலனாய்வு அமைப்பான எப்.பி.ஐ. முடிவு செய்து 2010-இல் வழக்கை மூடியது. அவர் 2008-இலேயே இறந்துவிட்டதால் நீதிமன்றத்தில் எதுவும் நிரூபிக்கப்படவில்லை. அறிவியல் ஆதாரத்தை மட்டும் வைத்து உறுதியாகச் சொல்ல முடியாது என்று 2011-இல் அந்நாட்டு தேசிய அறிவியல் அகாதமியின் குழுவும் சொல்லிவிட்டது.

பெரியம்மை விவாதம் சூடாகப் போனது. 1980-இல் ஒழிந்ததாக அறிவிக்கப்பட்ட நோய், ஆனால் வைரஸ் இன்னும் அமெரிக்காவின் அட்லாண்டாவிலும் ரஷ்யாவின் கோல்ட்சோவோவிலும் உள்ள ஆய்வகங்களில் இருக்கிறது. வைத்திருந்தால்தான் மருந்து கண்டுபிடிக்க முடியும் என்று ஒரு கட்சி, அழித்துவிட வேண்டும் என்று இன்னொரு கட்சி. 2014-இல் அமெரிக்காவின் பெதஸ்தாவில் உள்ள அரசு ஆய்வகத்தில் ஒரு பழைய குளிர்பதன அறையைக் காலி செய்யும்போது, யாருக்கும் நினைவே இல்லாத பெரியம்மைக் குப்பிகள் கிடைத்ததை எடுத்துச் சொன்னதும் அழிக்கும் கட்சிக்கு ஆள் கூடியது. நானும் அந்தப் பக்கம்தான். தீர்மானம் எதுவும் போடவில்லை, போட்டாலும் யார் கேட்கப்போகிறார்கள்!

இன்னொரு சங்கடமான விஷயம், நம் வாட்ஸ்அப் குழு. எந்த நாட்டில் புதுக் காய்ச்சல் வந்தாலும் அது ஆயுதம்தான், அனுப்பியது இன்னார்தான் என்று ஒரு ஒலிப்பதிவு வந்துவிடுகிறது, நம்மவர்களே அதைப் பத்துப் பேருக்குத் தள்ளிவிடுகிறார்கள். ஆயுதம் என்று பழி வரும் என்று பயந்தால் எந்த நாடு தன் ஊரில் வந்த நோயைச் சீக்கிரம் சொல்லும்? பன்னாட்டு சுகாதார விதிகளின்படி, சந்தேக நிகழ்வை மதிப்பிட்ட 24 மணி நேரத்துக்குள் உலக சுகாதார நிறுவனத்துக்குத் தெரிவிக்க வேண்டும். அந்த விதி நாடுகள் வாய் திறப்பதை நம்பித்தான் இருக்கிறது. ஆதாரம் இல்லாத ஒலிப்பதிவுகளை இனி குழு நிர்வாகி அனுப்பியவரிடம் கேட்காமலே நீக்குவார் என்று செயற்குழு முடிவெடுத்துள்ளது. கோபித்துக்கொள்ள வேண்டாம்.

இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் கிருமி ஆயுதங்கள் செய்த ஜப்பானின் 731-ஆம் படைப்பிரிவு பற்றிய கூட்டம் பேச்சாளருக்கு உடம்பு முடியாததால் தள்ளிப்போனது, அடுத்த ஆண்டு முதல் கூட்டமாக நடக்கும். கிருமிகளை எப்படித் தயாரிக்கிறார்கள் என்று ஒரு அமர்வு வேண்டும் எனச் சில இளைஞர்கள் கேட்டார்கள், செயற்குழு மறுத்துவிட்டது, அந்த முடிவை நான் முழுதாக ஆதரிக்கிறேன்.

கணக்கு விவரத்தைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். நூலகத்திலிருந்து எடுத்த புத்தகங்களைப் பலர் இன்னும் திருப்பவில்லை, பட்டியல் என்னிடம் இருக்கிறது, கூட்டம் முடிந்ததும் பெயர் சொல்லிக் கூப்பிடுவேன். அப்புறம், செயலாளர் பொறுப்புக்கு இந்த முறை வேறு யாராவது முன்வந்தால் ஆவணங்களை அன்றே ஒப்படைக்கத் தயாராக இருக்கிறேன்.

இவண்,
செயலாளர்